தேடுபொறிக்கு மாத்தளையைத் தெரியுமா?

(மாத்தளையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இதுபோன்ற மேடைகளில் இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள். தேடுபொறி பற்றிப் பேச அனுமதி தாருங்கள் என்று நான்தான் கேட்டேன். அறக்கட்டளையினர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள். கேட்டதற்குக் காரணம் உண்டு. இன்று ஒரு பிள்ளைக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கை முதலில் கைப்பேசிக்குத்தான் போகிறது. அதில் மேலே வருகிற மூன்று நான்கு விடைகளோடு அந்தத் தேடல் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவர் அரிது. அப்படியானால் எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது, எதைக் காட்டாமலே விடுவது என்று முடிவுசெய்கிற ஒரு பொறி, நம் பிள்ளைகளின் அறிவுக்கு வாசற்காவலாக நிற்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருப்பது நமக்கு நல்லதல்ல.

மாத்தளையைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது குறைவு என்ற மனக்குறை இங்கே பலருக்கு உண்டு. எனக்கும் உண்டு. அந்தக் குறையின் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்தப் பொறி படிக்கக்கூடிய எழுத்தை நாம் போதிய அளவு கொடுக்கவில்லை. கொடுத்தவற்றையும் ஒன்றோடொன்று தொடுக்காமல் தனித்தனியே விட்டுவிட்டோம்.

தேடி எடுக்கும் கலையின் வேரைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து தம்புள்ளை வீதியில் வடக்கே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. அதுவரை வாய்மொழியாகவே வந்துகொண்டிருந்த பௌத்தத் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில் அங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது தேரவாத மரபு. போரும் பஞ்சமும் பிக்குகளைச் சிதறடித்திருந்த காலம் அது. மனனம் செய்தவர் இறந்தால் அவர் நெஞ்சில் இருந்த நூலும் போய்விடும் என்ற அச்சம் அவர்களை எழுத்தாணி எடுக்க வைத்தது. அதற்கு முன் பாணகர் என்ற ஓதுவார் கூட்டங்கள் இருந்தன. திரிபிடகத்தின் பகுதிகளில் தீக நிகாயம் ஒரு கூட்டத்தாரின் பொறுப்பு, மச்சிம நிகாயம் இன்னொரு கூட்டத்தாரின் பொறுப்பு என்று பகுத்துக்கொண்டு மனத்தில் காத்தார்கள். வர்க்கம் எனப்படும் சூத்திரத் தொகுதிகள் பலவற்றின் முடிவில் உத்தானம் என்றொரு செய்யுள் வரும். போதனை எதுவும் அதில் இராது. அந்த வர்க்கத்தில் வரும் சூத்திரங்களின் குறிச்சொற்கள் மட்டும் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். எது எங்கே இருக்கிறது என்று நினைவிலிருந்து தேடி எடுக்க அது உதவியது. அடைவு என்ற கருவி ஏட்டுக்கும் முந்தியது என்பதற்கு, நமக்கு மிக அருகிலேயே இருக்கும் சான்று இது.

தமிழில் அடைவு கட்டும் வேலையின் அருமையை நன்றாக அறிந்தவர் உ. வே. சாமிநாதையர். தம் பதிப்புகளின் இறுதியில் அரும்பத அகராதி சேர்ப்பதை ஒரு கடமையாகவே செய்தார். பின்னர் 1960களின் இறுதியில் தொடங்கிப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சங்க இலக்கியம் முழுமைக்குமான சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு சொல்லை எடுத்தால் அது எந்த நூலில், எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று காட்டும் நூல் அது. கணினியைத் தொடாத தமிழாசிரியருக்கும் தேடுபொறியின் உயிர்நிலை ஏற்கனவே தெரியும் என்று நான் சொல்வது இதனால்தான். நூலில் பக்கத்துக்குள் சொற்கள் இருக்கும். சொல்லடைவில் சொல்லுக்கு எதிரே பக்கங்கள் இருக்கும். தேடுபொறி உலக வலைக்குக் கட்டிவைத்திருப்பது அப்படியொரு சொல்லடைவுதான்.

இதில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. நாம் சொல்லைத் தட்டியதும் கூகுள் ஓடிப்போய் உலகத்திலுள்ள பக்கங்களையெல்லாம் புரட்டிப் பார்த்து வருகிறது என்று நினைக்கிறோம். அப்படிப் புரட்டினால் விடை வர மாதக்கணக்காகும். நாளோ வாரமோ மாதமோ முன்பு தான் படித்துக் குறித்துவைத்த அடைவைத்தான் அது பார்க்கிறது. அந்த அடைவில் ஏறாத பக்கம், அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

அடைவில் ஏற முதலில் கண்ணில் பட வேண்டும். ஊர்ந்து செல்லும் நிரல்கள் இந்த வேலையைச் செய்கின்றன. தெரிந்த ஒரு முகவரியில் தொடங்கி, அந்தப் பக்கத்தைப் படித்து, அதிலுள்ள தொடுப்புகளைக் குறித்துக்கொண்டு, அவை காட்டும் பக்கங்களுக்குப் போய், அங்கிருந்து இன்னும் பல பக்கங்களுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். 1998 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுள் என்ற தங்கள் தேடுபொறியை விளக்கிக் கட்டுரை எழுதியபோது அவர்களிடம் இருந்தது 2 கோடியே 40 இலட்சம் பக்கங்கள். பத்தே ஆண்டுகளில், 2008 இல், ஒரு இலட்சம் கோடி தனித்தனி முகவரிகளைக் கண்டுவிட்டதாகக் கூகுள் அறிவித்தது. கண்ட எல்லாவற்றையும் அது அடைவில் ஏற்றுவதில்லை. ஒரே உள்ளடக்கத்தின் நகல்கள், வெறும் பக்கங்கள், தளத்தின் உரிமையாளரே உள்ளே வராதே என்று எழுதி வைத்த பகுதிகள் எல்லாம் விடுபடும். அப்படி எழுதி வைப்பதற்கான வழக்கம் 1994 இலேயே வந்துவிட்டது. நல்ல நிரல்கள் அதை மதித்து நடக்கின்றன.

நம் ஊர்ச் செய்திகள் இன்று எங்கே வாழ்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்கள் பவனி வருகின்றன. தேர்த்திருவிழா விஞ்ஞாபனம் அழகாக வடிவமைத்த படமாக வட்ஸ்அப்பில் வருகிறது. பாடசாலையின் நூற்றாண்டு விழாப் படங்கள் மூடிய முகநூல் குழுவில் கிடக்கின்றன. தோட்டத்து இளைஞர் ஒருவரின் கவிதை நண்பர் வட்டத்துக்குள் சுற்றிவிட்டு மறைகிறது. கடவுச்சொல் கேட்கும் வாசலை ஊரும் நிரலால் கடக்க முடியாது. நம் வாழ்க்கையின் பெரும்பகுதியை இப்படி மூடிய அறைகளுக்குள் பேசித் தீர்த்துவிட்டு, தேடினால் கிடைக்கவில்லை என்று வருந்துகிறோம்.

கண்ணில் பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, படிக்க முடிகிறதா என்பது. இங்கே இலங்கைத் தமிழருக்கு ஒரு தனிப்பட்ட துன்பம் உண்டு. அதன் பெயர் பாமினி. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பல ஆண்டுகள் கோலோச்சிய எழுத்துரு அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கணினியில் தமிழே வராத நாட்களில் நமக்குத் தமிழ் தந்தது அதுதான். ஆனால் அது தமிழ் காட்டிய விதத்தைப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. பாமினியில் ‘மாத்தளை’ என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது கே, எச், ஜே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி ஜே, ஐ, எஸ். கண்ணுக்கு மாத்தளை, கணினிக்கு உச்சரிக்கவே முடியாத ஒரு குப்பை ஆங்கிலச் சொல். தேடுபொறி அடைவில் ஏற்றுவதும் அந்தக் குப்பையைத்தான். பாமினியில் தட்டி உருவாக்கிய பழைய கோப்பொன்றைத் திறந்து, ஒரு வரியைப் பிரதிசெய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். நான் சொல்வது ஒரு நொடியில் விளங்கும். எத்தனை சுற்றறிக்கைகள், எத்தனை மலர்கள், எத்தனை ஆய்வேடுகள் இப்படித் தமிழாகத் தெரிந்தும் தமிழாகப் படிக்க முடியாமல் வலையில் கிடக்கின்றன!

இதற்கு மருந்து ஒருங்குறி. தமிழ் எழுத்துகளுக்கென்று தனி எண்களை ஒதுக்கி 1991 இலேயே முதற்பதிப்பு வந்துவிட்டது. இலங்கையும் 2008 இல் தமிழுக்கான தகவல் தொழில்நுட்பத் தரத்தை எஸ்.எல்.எஸ். 1326 என்ற எண்ணில் வெளியிட்டது. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உண்டு. ஒரு பாடசாலை மலரை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். மாற்றிய பின் எழுத்துப்பிழை பார்க்க இன்னொரு மாலை வேண்டும்.

ஒருங்குறிக்குள்ளும் சில கண்ணிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் காட்டுகிறேன். ‘ஸ்ரீ முத்துமாரியம்மன்’ என்று எழுதுகிறோம். அந்த ‘ஸ்ரீ’ யை இரண்டு வழிகளில் தட்டலாம். ஸகரத்தில் தொடங்கித் தட்டுவது ஒன்று. 2005 இல் ஒருங்குறியில் தனியாகச் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கித் தட்டுவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே திரையில் தோன்றும். எண்களோ வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் பொறிக்கு அவை ஒன்று. பெரிய தேடுபொறிகள் இத்தகைய பல சிக்கல்களைச் சமாளிக்கப் பழகிவிட்டன. நம் நூலகங்களிலும் அலுவலகத் தளங்களிலும் உள்ள சிறிய தேடற்பெட்டிகள் பெரும்பாலும் பழகவில்லை. ‘தம்புள்ளை’ என்று ஒருவர் எழுதுகிறார், ‘தம்புள்ள’ என்று இன்னொருவர். இரத்தோட்டை, ரத்தோட்டை, றத்தோட்டை மூன்றும் ஒரே ஊர். கோயில் என்றும் எழுதுகிறோம், கோவில் என்றும் எழுதுகிறோம். பக்கத்தின் தலைப்பில் வழக்கமான வடிவத்தை வைத்து, உள்ளே ஓரிடத்தில் மற்ற வடிவத்தையும் எழுதிவிட்டால் இரண்டு வாசலும் திறந்துவிடும்.

இந்த மாவட்டம் வாசனைத் திரவியங்களின் மாவட்டம். ஆகவே இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் கராம்பு என்கிறோம், தமிழ்நாட்டில் கிராம்பு. நாம் கறுவா என்கிறோம், அங்கே பட்டை அல்லது இலவங்கப்பட்டை. இரத்தோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மிளகுக் கொடி ஏன் வாடுகிறது என்று தமிழில் தேடினால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் போன்றவை முன்னால் வர வாய்ப்பு அதிகம். அது நல்ல தளம், தமிழில் விரிவாக எழுதப்பட்ட தளம். ஆனால் அங்குள்ள மழைக்காலம் வேறு, மண் வேறு, பரிந்துரைக்கும் மிளகு வகைகள் வேறு. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பதோ இதே மாத்தளையில். ஆய்வு நடக்கும் இடத்துக்கும் விவசாயியின் கொடிக்கும் இடையே சில மைல்கள்தான். இந்த மண்ணுக்கென்று சொல்லப்படும் ஆலோசனை தமிழில், பிரதிசெய்யக்கூடிய எழுத்தாக, கராம்பு, கிராம்பு இரண்டு பெயரிலும் கிடைக்கிற அளவுக்கு வலையில் பெருக வேண்டும். விவசாயம் படிக்கும் மாணவர்களும் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்களும் இதைச் செய்ய முன்வந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

தமிழ்ச் சொல்லின் உருமாற்றம் இன்னொரு சிக்கல். மாத்தளையில், மாத்தளைக்கு, மாத்தளையிலிருந்து, மாத்தளைப் பகுதி என்று ஒரு பெயர் எத்தனையோ கோலம் கொள்கிறது. ஆங்கிலச் சொல்லின் விகுதியைக் கழித்து அடியைக் காணும் எளிய விதித்தொகுப்பை மார்ட்டின் போர்ட்டர் 1980 இலேயே தந்துவிட்டார். தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் சந்தியும் ஒட்டிக்கொண்டு வருவதால் வேலை கடினம். அண்மைய ஆண்டுகளில் பெரிய தேடுபொறிகள் மொழியைப் புள்ளிவிவர வழியில் கற்கும் மாதிரிகளைப் பயன்படுத்துவதால் நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. கூகுள் 2019 இல் தன் தேடலில் சேர்த்த பெர்ட் அவற்றுள் ஒன்று. அந்த மாதிரிகளும் எழுத்தைப் படித்தே கற்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

இனி வரிசைக்கு வருகிறேன். அடைவில் ‘மாத்தளை’ என்ற சொல்லுக்கு எதிரே எண்ணற்ற பக்கங்கள் இருக்கும். அவற்றுள் கோயில் இருக்கும், 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி இருக்கும், வீதி விபத்துச் செய்தி இருக்கும். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று ஊரைத் தம் பெயருக்கு முன் சுமந்த எழுத்தாளர்களும் இருப்பார்கள். அங்கே ஊர் எது, ஆள் எவர் என்று பிரித்தறிய, சொல் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதையும் அடைவு குறித்து வைக்கிறது. ‘மாத்தளை’ க்கு அடுத்த இடத்திலேயே ‘சோமு’ வந்தால் அந்தப் பக்கம் எழுத்தாளரைத் தேடுகிறவருக்கு உரியது.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது? 1972 இல் பிரித்தானிய அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் இதற்கு ஓர் அருமையான வழி சொன்னார். எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது, அரிதாக வரும் சொல்லே பிரித்துக் காட்டும், ஆகவே அரிய சொல்லுக்கு எடை கூடுதல் என்றார். ‘மாத்தளை மிளகு விலை’ என்று தேடினால், ‘விலை’ கோடிக்கணக்கான பக்கங்களில் உண்டு, எடை குறைவு. ‘மிளகு’ அதைவிட அரிது. ‘மாத்தளை’ இன்னும் அரிது. அந்த அரிய சொல் தலைப்பில் இருக்கும் பக்கம் மேலெழும். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இந்தக் கருத்து தேடுபொறிகளின் அடித்தளத்தில் அசையாமல் இருக்கிறது. அந்த அம்மையார் பெயர் நம் கணினிப் பாடங்களில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை.

சொல்லை மட்டும் நம்பினால் ஏமாற்றுவது எளிது. ‘மிளகு மிளகு மிளகு’ என்று ஆயிரம் முறை எழுதியவன் முதலிடம் பிடித்துவிடுவான். 1990களின் நடுவில் அதுதான் நடந்தது. பேஜும் பிரினும் அதற்குக் கண்ட மாற்று, பக்கத்தின் தகுதியைப் பிறர் வாயால் கேட்பது. ஆய்வுக் கட்டுரைகளில் இது பழைய வழக்கம். எவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று கணக்கிடும் அடைவை யூஜின் கார்ஃபீல்டு 1964 இல் வெளியிட்டார். அதை வலைக்குக் கொண்டுவந்தபோது ஒரு திருத்தம் சேர்ந்தது. உன்னைச் சுட்டுகிறவர் எத்தனை பேர் என்பதோடு, அவர்களை எவர் சுட்டுகிறார்கள் என்பதும் கணக்கு.

மாணவர்கள் இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். மூன்றே பக்கங்கள் உள்ள வலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடசாலை, ஒரு கோயில், ஒரு வாசனைத் திரவியத் தோட்டம். பாடசாலையின் பக்கம் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் தொடுப்புத் தருகிறது. கோயில், தோட்டத்துக்கு மட்டும். தோட்டம், பாடசாலைக்கு மட்டும். ஒவ்வொரு பக்கமும் தன்னிடமுள்ள மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். மூவருக்கும் சமமாகக் கொடுத்துத் தொடங்கி, இந்தப் பங்கீட்டைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எண்கள் முதலில் ஆடும், பிறகு அடங்கும். நூற்றுக்குப் பாடசாலைக்கு 40, தோட்டத்துக்கு 40, கோயிலுக்கு 20 என்று நிலைக்கும். பாடசாலைக்கும் கோயிலுக்கும் வரும் தொடுப்பு ஒவ்வொன்றுதான். ஆயினும் பாடசாலைக்கு இருமடங்கு. தோட்டம் தன் 40 ஐயும் பாடசாலைக்கே கொடுக்கிறது. பாடசாலையோ தன் 40 இல் பாதியைத்தான் கோயிலுக்குக் கொடுக்கிறது.

இப்போது நான்காவதாக ஓர் எழுத்தாளரின் பக்கத்தைச் சேருங்கள். அவர் மற்ற மூவருக்கும் அன்போடு தொடுப்புத் தருகிறார். அவருக்கு எவரும் தரவில்லை. பேஜும் பிரினும் தங்கள் கணக்கில், வலையில் உலவுகிறவர் நூற்றுக்கு 85 தடவை தொடுப்பைப் பின்தொடர்வார், 15 தடவை சலித்துப்போய் எங்காவது குதிப்பார் என்று வைத்தார்கள். எழுத்தாளருக்குக் கிடைப்பது அந்தக் குதிப்பில் அவர் பங்கு மட்டுமே. நான்கு பக்கங்களே உள்ள வலையில் 15 இல் நான்கில் ஒன்று, அதாவது நூற்றுக்கு 3.75. கோடிக்கணக்கான பக்கங்கள் உள்ள உண்மை வலையில் அது ஏறக்குறைய சுழியம். எவ்வளவு நன்றாக எழுதினார் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. மலையக எழுத்தைப் பற்றிய பக்கங்கள் ஏன் அடியில் கிடக்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன். எழுதியவர்களை நாம் சுட்டவில்லை.

தொடுப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொடுப்பாக நிற்கும் சொற்களையும் தேடுபொறி படித்து, அவை சுட்டுகிற பக்கத்தின் கணக்கில் வரவு வைக்கிறது. ‘மேலும் அறிய இங்கே அழுத்துக’ என்று ‘இங்கே’ யில் தொடுப்பு வைத்தால் அந்தப் பக்கத்தைப் பற்றி அது எதையும் அறியாது. ‘மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த்திருவிழா வரலாறு’ என்ற சொற்களிலேயே தொடுப்பை வைத்தால் முழுவதும் அறிந்துகொள்கிறது. செலவில்லாத உதவி இது.

தொடுப்புக்கு மதிப்பு வந்ததும் தொடுப்பு விற்பனைக்கும் வந்துவிட்டது. ஒருவரையொருவர் சுட்டிக்கொள்வதற்காகவே ஆயிரக்கணக்கில் போலித் தளங்கள் கட்டினார்கள். கூகுள் 2011 இல் சாரமற்ற பக்கங்களையும் 2012 இல் போலித் தொடுப்புகளையும் தண்டிக்கும் திருத்தங்களைச் செய்தது. இன்று வரிசையைத் தீர்மானிப்பவை நூற்றுக்கணக்கான குறிகள். முதலிடம் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்டு வருகிறவர்களை நம்ப வேண்டாம். அந்த வாக்குறுதியை எவராலும் கொடுக்க முடியாது.

ஏ9 வீதியோரத்தில் வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு சொல். இடம் சார்ந்த தேடலில் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகத் தானே கூறுகிறது: பொருத்தம், தூரம், பிரபலம். தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. பெயரையும் திறக்கும் நேரத்தையும் சரியாகக் கொடுப்பதும், என்ன பயிர்கள் உள்ளன என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவதும் உங்கள் கையில் உள்ளவை. கைப்பேசித் திரையில் உங்கள் தளம் ஒழுங்காகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். கூகுள் இப்போது கைப்பேசியில் தெரியும் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு அடைவு கட்டுகிறது.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் உண்டு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தே ஏற்றியது. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் ஆயிரக்கணக்கில் மின்னூலாக்கிக் காத்திருக்கிறது. அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. அங்குள்ள பல மலர்கள் பக்கங்களின் படங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, உள்ளடக்கம் எல்லாம் எழுத்தாகத் தட்டப்பட்ட ஒரு பக்கம் உண்டு. படத்தை எளிதில் ஊடுருவ முடியாத தேடுபொறி அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் பாடசாலை மலர்களுக்கும் கோயில் கும்பாபிஷேக மலர்களுக்கும் இதே வழியைப் பின்பற்றலாம். முழு மலரையும் தட்ட ஆளில்லையா, பொருளடக்கத்தை மட்டுமாவது தட்டுங்கள். கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் ஆண்டும் எழுத்தாக இருந்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மாணவராக எழுதிய ஒருவரை இன்று அவர் பேத்தி கண்டெடுப்பாள்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. கோப்பித் தோட்டங்களின் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து இந்த ஊருக்கு நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். அந்த வழியில் கொள்ளை நோயிலும் பசியிலும் விழுந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. மிஞ்சியது பாட்டிமார் சொன்ன கதைகளும் தோட்டத்துப் பாடல்களும்தான். அவற்றை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒலிப்பதிவு செய்யும் இளைஞர்களைக் காண்கிறேன், பாராட்டுகிறேன். பதிவோடு நிறுத்தாதீர்கள். யார் சொன்னது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன கதை என்பதைப் பத்து வரியில் தட்டி அதன் கீழே வையுங்கள்.

2024 முதல் கூகுள் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைப் பல நாடுகளில் காட்டத் தொடங்கியிருக்கிறது. இனி அடைவும் வரிசையும் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சுருக்கமும் அடைவிலுள்ள பக்கங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. நல்ல பக்கம் இருந்தால் அதைச் சார்ந்து எழுதும். இல்லாத இடத்தில் வேறெங்கோ படித்ததை வைத்து நம் ஊரைப் பற்றித் தயங்காமல் தவறாகச் சொல்லும் ஆபத்து உண்டு. முன்பு எழுதாமல் விட்டால் கிடைக்காமல் போகும், இப்போது பிழையாகக் கிடைக்கும்.

கடைசியாக, தளம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய பக்கங்களின் முகவரிகளையெல்லாம் மாற்றிவிடுகிறார்கள். அந்த முகவரிகளைச் சுட்டிய தொடுப்புகள் யாவும் அன்றோடு அறுந்துபோகும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மதிப்பும் அவற்றோடு போகும். இந்த ஆண்டுத் தேர்த்திருவிழாவுக்கு ஒரு பக்கம் எழுதினால், அடுத்த ஆண்டு அதை அழித்துவிட்டுப் புதியது எழுத வேண்டாம். அதே முகவரியில் புதிய ஆண்டின் விவரத்தை மேலே சேருங்கள், பழையது கீழே இருக்கட்டும். முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் தானே கொண்டுசேர்க்கும் நிரந்தர வழிமாற்றை வைக்கும்படி தளம் செய்து தருகிறவரிடம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதை, விரும்புகிறவர்களுக்கு, கூட்டம் முடிந்ததும் எழுதித் தருகிறேன்.